படத்தை வெட்ட வேண்டாம், பிரேமை வெட்டுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். கிளிநொச்சி மாவட்டத்தில் பரந்தன் பக்கம் படங்களுக்குப் பிரேம் போடும் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு எங்கள் தொழிலில் இருக்கிற சிலர் என்மேல் கோபப்படுவார்கள், "உன்ர வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கேலாதோ" என்று கேட்பார்கள், கேட்கட்டும். சனம் தன்னிடம் மிஞ்சியிருக்கிற ஒரேயொரு படத்தைக் கொண்டுவந்து எங்கள் கையில் தருகிறது, நாங்கள் பிரேம் போடுகிறோம் என்று சொல்லி அதை நாசமாக்கித் திருப்பிக் கொடுக்கிறோம். எல்லாரும் இப்படி என்று சொல்ல வரவில்லை. ஆனால் கழற்றித் திருத்தித் தரச்சொல்லி என்னிடம் வருகிற பழைய பிரேம்களைத் திறந்தால் பெரும்பாலும் இதே கதைதான்.

ஒரேயொரு படம் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. வேறு ஊர்களில் ஒரு படம் பழுதானால் ஸ்ரூடியோவில் நெகற்றிவ் இருக்கும், இல்லாவிட்டால் சித்தி வீட்டு அல்பத்தில் இன்னொரு கொப்பி இருக்கும். இங்கே ஸ்ரூடியோவும் போயிற்று, நெகற்றிவும் போயிற்று, சித்தி வீடும் போயிற்று. 2004 டிசம்பர் 26 அன்று முல்லைத்தீவுக் கரையில் கடல் கொண்டுபோனது ஒரு பங்கு. பிறகு 2008, 2009இல் கடைசிப் போரில் மன்னார்ப் பக்கம் தொடங்கி கிளிநொச்சி, விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று மாறி மாறி முள்ளிவாய்க்கால் வரை போன சனம், ஒவ்வொரு இடத்திலும் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைத்துக்கொண்டுதான் போனது. அல்பத்தை விட்டுவிட்டு அதிலிருந்து நாலைந்து படத்தை மட்டும் உருவி எடுத்து, சொப்பிங் பைக்குள் சுற்றி, பிறப்புச் சான்றிதழோடும் அடையாள அட்டையோடும் சேர்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு வவுனியாவில் இருந்த மெனிக்பாம் அகதி முகாம் வரை கொண்டுபோனவர்கள் இருக்கிறார்கள். ட்ரங்குப் பெட்டியில் போட்டு வளவுக்குள் புதைத்துவிட்டுப் போய், மீள்குடியேறி வந்தபிறகு தோண்டி எடுத்தவர்களும் இருக்கிறார்கள். இன்னும் சிலருக்கு, எப்போதோ கனடாவுக்கோ சுவிசுக்கோ கடிதத்தோடு வைத்து அனுப்பிய படம்தான் மிச்சம். அங்கே இருக்கிற மச்சாள் அதைத் தேடி எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்ப, பிரின்ற் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். "அண்ணை, அப்பான்ர படமெண்டு இது ஒண்டுதான் இருக்கு, பாத்துச் செய்யுங்கோ." இதைக் கேட்காமல் எனக்கு ஒரு கிழமை போவது குறைவு.

சரி, இப்படி வருகிற படத்துக்கு என்ன நடக்கிறது?

முதலில் லாமினேற். வன்னியில் எந்தச் சந்தியிலும் போட்டோக்கொப்பிக் கடைக்குள் ஒரு லாமினேற் மெசின் இருக்கும், மலிவு, அஞ்சு நிமிசத்தில் வேலை முடியும், கையில் வாங்கும்போது மினுமினுவென்று இருக்கும். அது எப்படி வேலை செய்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. இரண்டு பிளாஸ்ரிக் தாள்களின் உட்பக்கத்தில் பசை இருக்கிறது, நூறு பாகைக்கு மேல் சூடாகும் உருளைகளுக்கு இடையில் போகும்போது அந்தப் பசை உருகிப் படத்தின் முகத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. பிறகு பிளாஸ்ரிக்கை உரித்தால் படத்தின் முகமும் சேர்ந்து உரிந்து வரும். ஏற்கெனவே வெடித்து மடிந்து, தண்ணீர் பட்டுக் காய்ந்த படம் என்றால் அந்தச் சூட்டையும் அமுக்கத்தையும் தாங்காமல் அங்கேயே சுருங்கிவிடும். தண்ணீர் போகாது என்ற நம்பிக்கையில்தான் சனம் இதைச் செய்கிறது, அதையும் குறை சொல்ல முடியாது, தண்ணீருக்கும் சேற்றுக்கும் நடுவில் படத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த சனம் அப்படித்தான் நினைக்கும். ஆனால் மூலையைக் கொஞ்சம் அதிகமாக வெட்டிவிட்டாலோ, பையில் கிடந்து ஓரம் வாய்பிளந்தாலோ, அந்த வழியால் ஈரம் உள்ளே போகும், போனது வெளியே வராது. உள்ளுக்குள் பூஞ்சணம் படர்ந்து முகத்தைத் தின்றுகொண்டிருக்கும், நாங்கள் வெளியில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

காணிப் பெர்மிற்றையும் இப்படி லாமினேற் செய்து கொண்டுவருகிறார்கள். அதில் இனி ஒரு முத்திரை குத்த முடியுமா, ஒரு குறிப்பு எழுத முடியுமா? வங்கிச் சிட்டை, காசு கட்டிய துண்டு மாதிரி மெசினில் வருகிற பற்றுச்சீட்டுகள் இன்னும் மோசம். அவை சூட்டில் எழுத்து வருகிற கடுதாசி, லாமினேற் உருளைக்குள் போனால் முழுவதும் கறுத்துப்போய் வெளியே வரும். நம்பாவிட்டால் தேவையில்லாத ஒரு சிட்டையை வைத்துச் செய்து பாருங்கள்.

லாமினேற்றுக்குப் பதிலாக ஒரு பக்கம் திறந்த தெளிவான பிளாஸ்ரிக் உறை போதும். மோந்து பாருங்கள், ரெக்சீன் மாதிரி மணம் அடித்தால் அது பிவிசி, வேண்டாம். மணமில்லாத உறைக்குள் போட்டு, அதைக் காற்றுப்படும் ஒரு பெட்டிக்குள் வைத்தால் வேண்டியபோது எடுக்கலாம், ஸ்கான் பண்ணலாம், திரும்ப வைக்கலாம்.

அடுத்தது கண்ணாடி. இதில் பிழை முழுக்க எங்களுடையதுதான், சனத்துக்கு இது தெரிய வாய்ப்பில்லை. ஸ்ரூடியோவில் கழுவி எடுத்த படத்தின் முகத்தில் ஜெலற்றின் என்ற மெல்லிய படலம் இருக்கிறது, உருவம் அதற்குள்தான் இருக்கிறது. ஈரக்காற்றுப் பட்டால் அது இளகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் பக்கத்துச் சுவர்கள் எப்படி ஊறும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கண்ணாடியைப் படத்தின்மேல் நேராகப் படியவைத்து, பின்னால் ஹாட்போட் வைத்து இறுக்கி ஆணி அடித்துவிட்டால், அந்த மாரியோ அடுத்த மாரியோ ஜெலற்றின் இளகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறது. வெயில் வந்ததும் காய்ந்து இறுகுகிறது. அதற்குப் பிறகு அது ஒட்டினது ஒட்டினதுதான்.

போன மாரிக்குப் பிறகு ஒரு அம்மா கொண்டுவந்தது கறுப்பு வெள்ளைப் படம், அவருடைய தகப்பனார், கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு. நேரே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. கொஞ்சம் சரித்துப் பிடித்தால்தான் இடது கன்னத்திலிருந்து தோள்வரை வேறு மாதிரி மினுங்குவது தெரியும், ஈரமாய் இருப்பதுபோல் ஒரு கருமை, அதன் ஓரத்தில் வானவில் நிறத்தில் மெல்லிய கோடு. அவ்வளவு இடமும் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. யாரோ ஒரு மூலையில் பிளேட்டை விட்டு நெம்பிப் பார்த்திருக்கிறார்கள், அந்த இடத்தில் சட்டைக் கையின் ஒரு துண்டு கண்ணாடியிலும் வெள்ளைக் கடுதாசி படத்திலுமாய்ப் பிரிந்து நின்றது. நான் செய்தது ஒன்றே ஒன்று: கண்ணாடியோடு சேர்த்து அப்படியே ஸ்கான் எடுத்து, அந்தப் பிரதியைப் புதுப் பிரேமில் போட்டுக்கொடுத்தேன். மூலப்படத்தைக் கண்ணாடியும் தானுமாக மட்டைக்குள் வைத்துக் கட்டி, கழற்ற வேண்டாம், யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். ஒட்டின படத்துக்கு இதுதான் வழி. ஸ்கானர் இல்லாவிட்டால் பகல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ, பிளாஷ் போடாமல் போனில் எடுத்தாலும் சரி, நெம்ப மட்டும் வேண்டாம்.

ஒட்டாமல் இருக்க என்ன செய்வது என்றால் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் இடைவெளி விடவேண்டும், வேறொன்றும் இல்லை. படத்தைச் சுற்றி யன்னல் மாதிரி வெட்டிய மவுண்ட் மட்டை வைப்பது அழகுக்கு என்றுதான் பலர் நினைக்கிறார்கள், "அது வேண்டாம் அண்ணை, காசு கூட" என்பார்கள். அந்த மட்டையின் ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்புத்தான் படத்தைக் காப்பாற்றுகிறது. மவுண்ட் பிடிக்காதவர்களுக்குப் பிரேமின் உதட்டுக்குள் மறைகிற மாதிரி ஒடுக்கமான பிளாஸ்ரிக் கீலம் நாலு பக்கமும் வைத்துக் கொடுக்கலாம், வெளியில் தெரியவே தெரியாது.

மட்டையிலும் வித்தியாசம் இருக்கிறது. சாதாரண மட்டையிலும் பத்திரிகைத் தாளிலும் மரத்தில் உள்ள லிக்னின் என்ற பொருள் அப்படியே இருக்கும், அது வெளிச்சத்திலும் காற்றிலும் பழுத்து அமிலம் விடும், அந்த அமிலம் படத்துக்குப் பாயும். பழைய பிரேமைக் கழற்றினால் மவுண்டின் ஓரம் பட்ட இடத்தில் தவிட்டு நிறத்தில் ஒரு கோடு விழுந்திருக்குமே, அது இதனால் வருவது. அமிலமில்லாத மட்டை என்று தனியாக இருக்கிறது, கொழும்பிலிருந்து எடுக்கவேண்டும், விலை கூடத்தான். எல்லாப் படத்துக்கும் அது தேவை என்று நான் சொல்லமாட்டேன், நேற்று எடுத்த பிறந்தநாள் படத்துக்கு எதைப் போட்டாலும் ஒன்றுமில்லை, போன் கெடாதவரை திரும்பப் பிரின்ற் எடுக்கலாம். திரும்ப எடுக்க முடியாத படத்துக்கு மட்டுமாவது போடுங்கள்.

இந்த இடத்தில் பத்திரிகைக்காரர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும், கோபிக்கவேண்டாம். படம் பிரேமுக்குள் ஆடாமல் இருக்கப் பின்னால் பத்திரிகையை மடித்து வைப்பது எங்கள் ஆட்களின் பழைய பழக்கம். உங்கள் தாள் ஒரு கிழமை வெயிலில் கிடந்தால் என்ன நிறத்துக்கு வரும் என்று உங்களுக்கே தெரியும், அந்தச் சாமானைத்தான் ஐம்பது வருசத்துக்குப் படத்தின் முதுகில் கட்டி வைக்கிறோம். ஒரு நன்மையும் இருக்கிறது, இல்லை என்று சொல்லக்கூடாது: பிரேமைத் திறந்து அந்தப் பத்திரிகையின் திகதியைப் பார்த்தால் படம் எப்போது பிரேம் போடப்பட்டது என்று தெரிந்துவிடும், வந்தவர்கள் படத்தை விட்டுவிட்டு அந்தக் காலத்துச் சினிமா விளம்பரத்தை நின்று வாசிப்பார்கள்.

இனி வெட்டுகிற விசயம். கடைகளில் செய்து அடுக்கியிருக்கிற பிரேம்கள் 8க்கு 10, 8க்கு 12, 12க்கு 18 என்று அங்குலக் கணக்கில் வருகின்றன. பள்ளிக்கூடச் சான்றிதழ் ஏ4 தாளில் வருகிறது, அது 210க்கு 297 மில்லிமீற்றர், அங்குலத்தில் அகலம் 8க்குக் கால் அங்குலம் மேலே. 8க்கு 12 பிரேமுக்குள் அது போகாது. என்ன செய்கிறார்கள்? கத்தரிக்கோலை எடுத்துச் சான்றிதழின் ஓரத்தை அரிகிறார்கள். வெட்டிப் போட்டபிறகும் பிரேமின் உதடு சுற்றிவர இன்னும் கொஞ்சத்தை மூடும். சட்டை சின்னதாய்ப் போனால் பிள்ளையின் கையையா வெட்டுவது? பழைய ஸ்ரூடியோப் படங்களில் கீழ்மூலையில் ஸ்ரூடியோவின் பெயரை அழுத்திப் பதித்திருப்பார்கள், தடவினால் கையில் தட்டும், அந்த மூலைதான் முதலில் போகிறது. கலியாணக் கூட்டுப்படம் என்றால் ஓரத்தில் நிற்கிற ஆள் போய்விடுவார். அந்த ஓரத்து ஆளுக்கு உலகத்தில் வேறு படமே இல்லாமல் இருக்கலாம் என்று இந்த மண்ணில் இருந்துகொண்டு யோசிக்காமல் எப்படி வெட்டுகிறார்களோ தெரியவில்லை.

பின்பக்கமும் அப்படித்தான். பைண்டர் கம்மைத் தாராளமாகப் பூசிப் படத்தை ஹாட்போட்டோடு ஒட்டிவிடுவார்கள், நெளியாமல் நிற்கும் என்று. பின்னால் அம்மம்மாவின் கையெழுத்தில் பெயரும் ஊரும் வருசமும் இருந்திருக்கும், முகாமில் பதிந்த இலக்கம் இருந்திருக்கும், எல்லாம் பசைக்குள் போய்விடும். செலோரேப் வருசக்கணக்கில் பழுத்து மஞ்சளாகி எண்ணெய் விடும், டபிள் ரேப்பும் அதேதான். நாலு மூலைக்கும் கடுதாசியில் சின்ன முக்கோண உறை மடித்து, அந்த உறையை மட்டையில் ஒட்டிப் படத்தை அதற்குள் சொருகினால் படத்தில் ஒரு துளி பசைகூடப் படாது. பழைய அல்பங்களில் பார்த்திருப்பீர்கள். நான் எந்தப் பிரேம் போட்டாலும் பார்ப்பது இதைத்தான்: நாளைக்கு ஒருவர் இதைக் கழற்றினால் படம் கொண்டுவந்த மாதிரியே கையில் வரவேண்டும். வராது என்றால் அந்த வேலையைச் செய்யக்கூடாது, எவ்வளவு வடிவாய் இருந்தாலும்.

ஏன் இப்படி நடக்கிறது என்றால் பாதிக் காரணம் அவசரம். ஒரு வீட்டில் செத்தவீடு நடந்தால் எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவுக்கு முன்னம் படம் வேண்டும், விளக்கேற்றி வைக்க. மூத்த மகன் மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் என்ஜினை நிற்பாட்டாமலே படத்தைத் தருவார், பின்னேரத்துக்குள் வேண்டும் என்பார். அந்த நேரத்தில் அமிலம், லிக்னின் என்று யாரிடம் கதைப்பது? அதற்கு நான் சொல்கிற வழி, எட்டுச் செலவுக்கு ஒரு பிரதி எடுத்து ஆயத்தப் பிரேமில் போட்டுக்கொண்டு போங்கள், மூலப்படத்தை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து ஆறுதலாகக் கொண்டுவாருங்கள். விளக்குப் புகை, எண்ணெய், கண்ணாடியின்மேல் ஈரமாய்த் தொங்குகிற பூமாலை எல்லாம் அந்தப் பிரதிக்கே போகட்டும். மாலையிலிருந்து வடிகிற தண்ணீர் கண்ணாடி வழியாக இறங்கிக் கீழ்ச்சட்டத்துக்குள் தேங்குவதைப் பலர் கவனிப்பதில்லை, படங்கள் கீழ்ப்பக்கம்தான் முதலில் பழுதாகும். கண்ணாடிமேல் சந்தனப் பொட்டு வைப்பதில் ஒரு பிரச்சினையும் இல்லை, துடைத்தால் போய்விடும். இப்போது கன்வஸ் துணியிலும் எம்டிஎப் பலகையிலும் கண்ணாடி இல்லாமல் அடித்துத் தருகிறார்களே, அதில் பொட்டு வைத்தால் அது நிரந்தரப் பொட்டு. நாங்கள் படத்தைத் தொட்டுக் கும்பிடுகிற ஆட்கள், எங்களுக்குக் கண்ணாடி வேண்டும்.

வெயிலைப் பற்றியும் சொல்லவேண்டும். கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 அன்று தொடர் போராட்டத்தில் இருக்கத் தொடங்கினார்கள், அதே மாதம் வவுனியாவிலும் தொடங்கியது, பிறகு முல்லைத்தீவிலும். அன்றிலிருந்து அந்தத் தாய்மாரின் கையில் இருக்கிற படங்கள் வெயிலையும் தெருப்புழுதியையும் மழையையும் வாங்கிக்கொண்டிருக்கின்றன. கலர்ப் படத்தின் சாயம் வெயிலில் வெளிறும், இங்க்ஜெற்றில் எடுத்த பிரின்ற் இன்னும் கெதியாக வெளிறும், மழை பட்டால் கரையும். அவர்களுக்குப் புத்தி சொல்ல நான் யார், அவர்கள் தெருவில் நிற்பது பிரேமைப் பற்றி யோசிக்க அல்ல. ஆனால் ஸ்கான் எடுத்து நல்ல பிரதி ஒன்று அடித்துக் கொடுத்து, "அம்மா, தெருவுக்கு இதைக் கொண்டுபோங்கோ, மற்றதை வீட்டில இருட்டில வைச்சிருங்கோ" என்று சொல்ல எங்கள் கடைகளால் முடியும். அதற்குக் காசு வாங்காவிட்டால் எந்தக் கடையும் மூடப்படாது.

நினைவுப் பொருட்களும் இப்போது அதிகமாய் வருகின்றன, ஆழமான பெட்டிப் பிரேமுக்குள் வைத்துத் தரச்சொல்லி. கூறைச்சேலை, பேனை, மூக்குக்கண்ணாடி, பிள்ளையின் சப்பாத்து. துணி என்றால் ஒட்டக்கூடாது, தைக்கவேண்டும். கழுவிக் காயவைத்த வெள்ளைப் பருத்தித் துணியை மட்டையில் இழுத்துக் கட்டி, அதன்மேல் பொருளை வைத்து, தோள்பட்டையிலும் விளிம்பிலும் பருத்தி நூலால் சின்னச் சின்னத் தையல், துணியின் சொந்த இழைகளுக்கு நடுவில் ஊசி போகிற மாதிரி. கூறையை வெட்டித் தலைப்பை மட்டும் பிரேம் போடச்சொல்லிக் கேட்கிறார்கள், நான் வெட்டுவதில்லை. மடிப்புக்குள் மெல்லிய தாளைச் சுருட்டி வைத்து, மிச்சச் சேலையைப் பின்னால் மறைத்துத் தலைப்பு மட்டும் தெரிய வைக்கலாம். ஒரு சின்னப் பிள்ளையின் சட்டை வந்தது, மார்பில் தும்பி படம் தைத்தது, செம்மண் கறை. கழுவட்டோ என்று கேட்கவே நாக்கு எழும்பவில்லை, பிறகு கேட்டேன், "வேண்டாம், அப்பிடியே வையுங்கோ" என்றார் தாய். இப்படியான பொருளைக் கேட்காமல் கழுவுவதும் கேட்காமல் இஸ்திரி போடுவதும் படத்தை வெட்டுவதும் ஒன்றுதான்.

மரத்தைப் பற்றி அதிகம் இல்லை. உடைந்த வீட்டின் முதிரை நிலைக்கட்டையைக் கொண்டுவந்து அதிலேயே பிரேம் செய்து கேட்பவர்கள் இருக்கிறார்கள், சன்னம் பட்ட ஓட்டையை மூடவேண்டாம் என்றும் சொல்வார்கள், எனக்குப் பிடித்த வேலை அது. ஆனால் மரமும் கொஞ்சம் அமிலம் விடும், ஆகவே படம் இருக்கும் உட்பக்கத்துக்கு வார்னிஷ் அடித்து நன்றாய்க் காயவிடவேண்டும். பிளாஸ்ரிக் மோல்டிங்கை மட்டம் என்று பேசுகிறவர்களோடு நான் ஒத்துப்போகமாட்டேன். எங்கள் ஊரில் கறையான் அதைத் தொடாது, அது ஒன்றே போதும். பெரிய கண்ணாடியின் பாரத்தைத்தான் தாங்காது, மூலை விட்டுவிடும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சித்திரங்களுக்கும் இதே கதைதான். வோட்டர்கலர், பஸ்ரல் எல்லாம் கண்ணாடியைத் தொடாமல் இருக்கவேண்டும், தூள் உதிர்கிற பஸ்ரலுக்குக் கண்ணாடிக்குப் பதில் அக்கிரிலிக் தகடு போட்டால் அதன் மின்னிழுப்பில் தூள் மேலே எழும்பி ஒட்டும். கன்வஸில் வரைந்த எண்ணெய்ச் சித்திரத்துக்குக் கண்ணாடி தேவையில்லை.

மாட்டுகிற இடம்: மழை அடிக்கிற வெளிச்சுவரில் வேண்டாம், தகரக் கூரைக்குக் கிட்டவும் வேண்டாம், அங்கே பகலில் அடுப்படிச் சூடு. கீழ் இரண்டு மூலையிலும் பின்னால் ரப்பர்த் துண்டு ஒட்டினால் சுவருக்கும் பிரேமுக்கும் நடுவில் காற்றுப் போகும், கறையான் மண் ஏறினாலும் கண்ணில் படும்.

வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்பதைக் கொஞ்சம் விவரமாய்ச் சொல்கிறேன். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்துக்குள் போனது நினைவிருக்கும். தண்ணீர் வற்றியதும் சனம் செய்த முதல் வேலை எல்லாவற்றையும் வெயிலில் காயப்போட்டது. உடுப்புக்கு அது சரி, படத்துக்கு அதுதான் முடிவு. ஒன்றோடொன்று ஒட்டிய படங்கள் ஈரமாய் இருக்கும்வரைதான் பிரிக்க முடியும், காய்ந்தால் ஒரே கட்டி. பாத்திரத்தில் சுத்தமான குளிர்ந்த தண்ணீர் எடுத்து, படக்கட்டை அதற்குள் போட்டு, அது தானாய் விடும்வரை பொறுத்து, மெதுவாய் ஒவ்வொன்றாய் எடுங்கள். முகத்தைத் துடைக்கவேண்டாம், விரல் படவேண்டாம், ஓரத்தில் பிடியுங்கள். சேறு இருந்தால் தண்ணீரை மாற்றி மாற்றி அலசுங்கள். பிறகு நிழலில், முகம் மேலே பார்க்க, சுத்தமான துணியில் பரப்பலாம், அல்லது கொடியில் ஓரத்தில் கிளிப் போட்டுத் தொங்கவிடலாம். பிரேமுக்குள் நனைந்து கண்ணாடியில் படிந்திருந்தால் பின்பலகையைக் கழற்றி, கண்ணாடியையும் படத்தையும் சேர்த்துப் பிடித்து, இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் மெல்ல ஓடவிடுங்கள், கழன்று வரும். படம் நிறைய இருந்து நேரம் இல்லாவிட்டால், நனைந்தபடியே பொலித்தீன் பைக்குள் சின்னச் சின்னக் கட்டாய்ப் போட்டு, மின்சாரம் உள்ள யாராவது வீட்டுப் பிரிட்ஜின் ஐஸ்பெட்டிக்குள் வையுங்கள். உறைந்து கிடக்கும்வரை பழுதாகாது, பிறகு இளகவிட்டுப் பிரிக்கலாம். இதெல்லாம் ஸ்ரூடியோவில் கழுவிய படங்களுக்கு. வீட்டு பிரின்ரரில் எடுத்ததைத் தண்ணீரில் போடவேண்டாம், மை போய்விடும், அதை அப்படியே நிழலில் விரித்துவிடுங்கள்.

கேட்பது மூன்று. சனம் பிரேமை வாங்கும்போது பின்பலகை அடிக்க முன்னம் உள்ளே ஒருமுறை காட்டச்சொல்லிக் கேட்கட்டும், காட்ட மறுக்கிற கடைக்குப் போகவேண்டாம். அறிவியல்நகரில் ஜேர்மன் பயிற்சி நிலையம் வரை வந்து இத்தனை தொழில் பழக்குகிற மாவட்டத்தில், படமும் பத்திரமும் பேணுவதற்கு ஒரு கிழமைப் பயிற்சி வைக்க யாராவது முன்வரட்டும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரம் படிப்பிப்பவர்கள் வந்து சொல்லித்தந்தால் நாங்கள் கடையைப் பூட்டிவிட்டு வந்து இருப்போம். மூன்றாவது உங்களுக்கு. நினைவஞ்சலி விளம்பரத்துக்குச் சனம் மூலப்படத்தைக் கொண்டுவந்து தந்தால், அதைப் படிவத்தோடு ஸ்ரேப்ளர் அடிக்க வேண்டாம் என்றும், பின்னால் போல்பொயின்ற் பேனையால் அழுத்தி எழுத வேண்டாம் என்றும் எல்லாப் பத்திரிகைக்காரரும் தங்கள் முகவர்களுக்குச் சொல்லிவையுங்கள். முன்னால் நின்றே போனில் எடுத்துவிட்டு அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுக்கலாம்.

கடிதம் நீண்டுவிட்டது, நீங்கள் வெட்டத்தான் போகிறீர்கள். மரத்தைப் பற்றியதை வெட்டுங்கள், சித்திரத்தை வெட்டுங்கள், லாமினேற்றையும் வெள்ளத்தையும் மட்டும் வெட்டவேண்டாம். ஐப்பசி மழை தொடங்க முன்னம் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
பரந்தனிலிருந்து ஒரு பிரேம் கடைக்காரன்